பிடிவாதம் அடங்கியதா, உடல் தளர்ந்ததா?

கேள்வி: என் வயது 34. புதுச்சேரி முத்தியால்பேட்டையில் வசிக்கும் ஓவியர். முதல் குழந்தை பிறந்து ஐந்து மாதம் ஆகிறது. எடுத்த படத்தை முடிக்காமல் எழுந்திருக்க மாட்டாள் என்று பெயர் வாங்கியவள் நான். இப்போது தூரிகையைத் தொட்ட கால் மணி நேரத்தில் சலிப்பு வருகிறது, காரணமின்றி அழுகிறேன், வலது கட்டைவிரலின் அடியில் சுருக்கென்று வலிக்கிறது. "பிள்ளை பிறந்ததும் பிடிவாதம் அடங்கிவிட்டது, நல்லதுதான்" என்கிறார் மாமியார். தாய்மை என் மூளையை மழுங்கடித்துவிட்டதா?

பதில்: மழுங்கடிக்கவில்லை, சகோதரி. மகப்பேறு மூளையில் மாற்றத்தை உண்டாக்குவது உண்மைதான். ஒரே பெண்களைக் கருத்தரிப்பதற்கு முன்பும் பேறுகாலத்துக்குப் பின்பும் ஸ்கேன் செய்து பார்த்து, ஸ்பெயின் நாட்டில் பணியாற்றிய ஆய்வாளர்கள் 2017-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், பிறர் மனத்தை உணர்ந்துகொள்ள உதவும் பகுதிகளில் சாம்பல்நிறப் பொருளின் (நரம்பணுக்கள் செறிந்த மூளைத் திசுவின்) அளவு குறைந்திருப்பதும், அது இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகும் நீடிப்பதும் தெரியவந்தன. குறைந்தது என்றதும் பதற வேண்டாம். இந்த மாற்றம் அதிகமாக இருந்த தாய்மார்களிடம் குழந்தையின் மீதான பிணைப்பும் கூடுதலாகவே இருந்தது. நினைவாற்றல் சோதனைகளில் அவர்கள் பின்தங்கவில்லை. ஓவியர்களிலேயே எடுத்துக்காட்டு வேண்டுமென்றால், ஜெர்மனியின் கேத்தே கோல்விட்ஸ் நெசவாளர் கிளர்ச்சியைப் பற்றிய தம் அச்சோவியத் தொடரை 1893-க்கும் 1897-க்கும் இடையில் செய்து முடித்தார். அவருடைய மகன்கள் பிறந்தது 1892-இலும் 1896-இலும்.

ஆகவே, உங்கள் உறுதி எங்கே போயிற்று என்று மனத்துக்குள் தேடுவதற்கு முன், இரத்தத்தில் தேட வேண்டும் என்பது என் கருத்து. உங்களுக்கு ஹீமோகுளோபின் அளவும் தைராய்டு பரிசோதனையும் உடனே தேவை. பிரசவத்துக்குப் பிறகு சில பெண்களுக்குத் தைராய்டு சுரப்பியில் அழற்சி ஏற்படுகிறது. முதல் சில மாதங்களில் படபடப்பும் எரிச்சலுமாகத் தொடங்கி, நான்காவது மாதத்துக்கு மேல் சுரப்பு குறைந்து, சோர்வு, மந்தம், மனத்தாழ்வு, முடி உதிர்தல் என்று அது திரும்புவதுண்டு. நீங்கள் இப்போது இருப்பது அந்தக் காலகட்டத்தில்தான். ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் குறைவாக இருந்தால் அது இரத்தசோகை. அந்த நிலையில் எவ்வளவு வைராக்கியம் உள்ளவருக்கும் கவனம் நிற்காது. நம் கடற்கரைப் பகுதியில் பிள்ளை பெற்றவளுக்குப் பால்சுறாப் புட்டும் பூண்டுக் குழம்பும் கொடுப்பது நல்ல வழக்கம். அதே பத்தியத்தின் பெயரால் கீரையையும் பழத்தையும் மாதக்கணக்கில் விலக்குவதை மட்டும் நான் ஏற்பதில்லை. இரும்புச்சத்து மாத்திரையைக் காபியோடும் தேநீரோடும் சேர்த்து விழுங்க வேண்டாம்.

இனி அழுகையைப் பற்றி. பிரசவமான சில நாள்களில் வரும் அழுகை, இரண்டு வாரங்களுக்குள் தானாக வடிந்துவிடும். ஐந்தாம் மாதத்திலும் நீடிக்கும் அழுகையை அந்தக் கணக்கில் சேர்க்க இயலாது. அது பேறுகாலத்துக்குப் பிந்தைய மனச்சோர்வாக இருக்கலாம். இதைக் கண்டறிய எடின்பரோ அளவுகோல் என்ற பத்துக் கேள்விகள் கொண்ட எளிய படிவம் உள்ளது. தமிழிலும் பயன்பாட்டில் இருக்கிறது. கோரிமேட்டிலுள்ள ஜிப்மர் மனநலப் பிரிவிலோ, உங்கள் மகப்பேறு மருத்துவரிடமோ கேளுங்கள். மாத்திரை தேவைப்பட்டாலும், தாய்ப்பாலில் மிகக் குறைவாகவே கலக்கும் மருந்துகள் இருப்பதால், பாலூட்டுவதை நிறுத்த வேண்டியிருக்கும் என்ற பயம் பெரும்பாலும் தேவையற்றது. உங்களைப் போன்ற மனவுறுதி மிக்கவர்கள்தான் இதை அதிக நாள் மறைத்து வைக்கிறார்கள் என்பதால், ஒன்றை அழுத்திச் சொல்கிறேன்: உங்களையோ குழந்தையையோ ஏதாவது செய்துகொள்ளும் எண்ணம் ஒரு கணம் எழுந்தாலும், மறுநாள் வரை காத்திராமல் அன்றே வீட்டில் ஒருவரிடம் சொல்லி மருத்துவமனைக்குச் செல்லுங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416-இல் இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம்.

உங்கள் மாமியார் சொன்னதில் கெட்ட எண்ணம் இருப்பதாக நான் நினைக்கவில்லை. ஆனால் ஒரு பெண் சோர்ந்து கிடப்பதை "அடங்கிவிட்டாள்" என்று பாராட்டும் வீட்டில் நோய் தாமதமாகத்தான் கண்டுபிடிக்கப்படுகிறது. இரவில் ஒரு முறையாவது குழந்தையைக் கணவரோ மாமியாரோ பார்த்துக்கொண்டு, நீங்கள் தொடர்ந்து நான்கைந்து மணி நேரம் தூங்க வழி செய்தால், அது எந்த டானிக்கைவிடவும் பயன் தரும். இந்தப் பதிலை அவர்களிடமும் படித்துக் காட்டுங்கள்.

கட்டைவிரல் வலிக்கும் மனத்துக்கும் தொடர்பில்லை. கட்டைவிரலை உள்ளே மடக்கி, மற்ற விரல்களால் அதை மூடிக்கொண்டு, மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கமாக மெதுவாகச் சாய்த்துப் பாருங்கள். அடியில் மின்னல்போல் வலித்தால், அது பெரும்பாலும் கட்டைவிரல் தசைநாண்களின் உறையில் ஏற்படும் அழற்சியே. குழந்தையின் அக்குளில் இரு கைகளையும் கொடுத்து, கட்டைவிரலை விரித்தபடி நாள் முழுவதும் தூக்குவதால் இளம் தாய்மார்களுக்கு இது அதிகம் வருகிறது. தூரிகையைப் பிடிப்பதும் அதே தசைநாண்களின் வேலை என்பதால் உங்களுக்கு இரட்டைச் சுமை. குழந்தையின் முதுகுக்கும் பிட்டத்துக்கும் கீழே உள்ளங்கைகளைக் கொடுத்து, முழங்கையில் பாரம் தாங்குமாறு தூக்குங்கள். சில வாரங்கள் கட்டைவிரலையும் சேர்த்து அசையாமல் வைக்கும் பட்டை அணியுங்கள். தணியாவிட்டால் எலும்பு மருத்துவர் ஓர் ஊசியில் சரிசெய்ய வாய்ப்பு அதிகம். அதுவரை தடித்த பிடியுள்ள தூரிகையைப் பயன்படுத்திப் பெரிய அளவில் வரையலாம். நுண்ணிய கோட்டு வேலையைத் தள்ளி வையுங்கள்.

எண்ணெய் வண்ணம் பயன்படுத்துகிறவர் என்றால், ஈயம் கலந்த வெள்ளையை அடியோடு விட்டுவிடுங்கள். ஈயம் தாய்ப்பாலில் செல்லும். குழந்தை உறங்கும் அறையில் டர்பன்டைன் புட்டியைத் திறக்கக் கூடாது. பாலூட்டும் முன் கைகளைச் சோப்புப் போட்டு நகக்கண் வரை கழுவி, வண்ணம் பட்ட மேலுடையை மாற்றிக்கொண்ட பிறகே குழந்தையைத் தூக்குங்கள்.