வண்டி மேடை: பழைய டீசல் பிக்கப்பில் டிரெய்லர் இழுக்க

பெங்களூரு வாசகர்கள் பலர் இந்த முறை ஒரே விஷயத்தைக் கேட்டிருக்கிறார்கள்: செகண்ட் ஹேண்டில் வாங்கிய டீசல் பிக்கப்புக்குப் பின்னால் டிரெய்லர் மாட்டுவது. அதனால் எல்லாக் கேள்விகளையும் சேர்த்தே எடுத்துக்கொண்டோம்.

கேள்வி: 2018 மாடல் இசுசூ வி-கிராஸ் ஒன்று விலை பேசி வைத்திருக்கிறேன். 1,40,000 கி.மீ. ஓடியிருக்கிறது. ரேஸ் காரை டிரெய்லரில் ஏற்றி, கோவை செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வே வரை கொண்டுபோக வேண்டும். கார் 900 கிலோ, டிரெய்லர் 450 கிலோ. எஞ்சினுக்கு அந்தத் தெம்பு இருக்குமா? (அல்சூர் வாசகர்)

பதில்: தாராளமாக இருக்கும். அந்த 2.5 லிட்டர் டீசல் 1,800 ஆர்.பி.எம்.மிலேயே 320 நியூட்டன் மீட்டர் டார்க் தருகிறது. 1,350 கிலோவை இழுப்பது அதற்குப் பெரிய வேலை இல்லை. நிறுத்துவதுதான் வேலை. பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேலே இருக்கிறது, சேலம் 300 மீட்டருக்கும் கீழே. அவ்வளவு இறக்கத்திலும் பின்னால் இருக்கும் 1,350 கிலோ உங்களைத் தள்ளிக்கொண்டே வரும். விலை பேசும்போது எஞ்சின் சத்தத்தைக் கேட்டுத் தலையாட்டுகிறவர்கள் பிரேக்கையும் கிளட்சையும் பார்க்காமல் விட்டுவிடுகிறார்கள்.

கிளட்ச் சோதனை சுலபம். ஆளில்லாத ரோட்டில் 40 கி.மீ. வேகத்தில் நான்காவது கியர் போட்டு ஆக்சிலரேட்டரை முழுக்க மிதியுங்கள். ஆர்.பி.எம். முள் சட்டென்று ஏறி, வேகம் கூடாமல் இருந்தால் பிளேட் வழுக்குகிறது. வெறும் வண்டியிலேயே வழுக்கும் பிளேட், டிரெய்லரோடு முதல் ஏற்றத்தில் கருகிவிடும். பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் ஒன்றாக மாற்றுங்கள். கியர்பாக்ஸ் இறக்கும் கூலியை இரண்டு முறை கொடுப்பானேன்?

அடுத்து புளோ-பை, அதாவது எரிந்த வாயு பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கீழே கசிவது. எஞ்சின் சூடான பிறகு ஐட்லிங்கில் வைத்து, ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து தலைகீழாக அந்த வாயின் மேலேயே வையுங்கள். லேசாக ஆடினால் பரவாயில்லை. துள்ளிக் கீழே விழுந்தாலோ, விட்டு விட்டுப் புகை வந்தாலோ ரிங் தேய்ந்திருக்கிறது. டர்போ அனுப்பும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் ஹோஸ்களைக் கையால் அழுத்திப் பார்த்து, கிளாம்ப் அடியில் வெடிப்பு இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். உள்ளே ஆயில் பிசுக்கு கொஞ்சம் இருப்பது சகஜம். வெடிப்பு இருந்தால் லோடு ஏறியதும் விசில் சத்தம், கறுப்புப் புகை, இழுவைக் குறைவு மூன்றும் சேர்ந்து வரும்.

பிறகு வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள். மங்களூரு, மும்பை போன்ற கடலோர ஊர்களில் ஓடிய வண்டியானால், பின் ஆக்சிலுக்கு மேலே சேசிஸ் வளையும் இடத்தில் சுத்தியலால் தட்டுங்கள். கணீரென்று கேட்டால் நல்லது. மொத்தையான சத்தமும் உதிரும் துருவும் வந்தால் அந்த வண்டியில் ஹிட்ச் (டிரெய்லரைக் கோக்கும் இணைப்பு) மாட்டவே வேண்டாம், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் சரி.

வாங்கிய கையோடு செய்ய வேண்டியவை: பிரேக் ஆயிலை முழுக்க வடித்துப் புதிதாக டாட் 4 ஊற்றுங்கள். புது டாட் 4 கொதிப்பது 230 டிகிரி செல்சியஸில். ஈரம் உறிஞ்சிய பழைய ஆயில் 155 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும், அப்போது பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும். பின் டிஃபரன்ஷியல் ஆயிலையும் மாற்றுங்கள். ஜிஎல்-5 தரத்தில் 80டபிள்யூ-90 பொதுவாகப் போதும், வண்டிக் கையேடு வேறு சொன்னால் அதையே போடுங்கள். வடித்த ஆயிலில் சன்னமான இரும்புப் பொடி இருப்பது இயல்பு. நகத்தில் சிக்கும் அளவு துண்டு இருந்தால் பல் உடைந்திருக்கிறது.

இனி எடைக் கணக்கு. டிரெய்லரின் மூக்கு, ஹிட்ச் பந்தின் மேல் அழுத்தும் எடை மொத்த எடையில் 5 முதல் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். உங்களுக்கு 68 முதல் 135 கிலோ, 100 கிலோவை இலக்காக வையுங்கள். வீட்டில் எடை பார்க்கும் மெஷினே போதும், ஆனால் 150 கிலோ வரை காட்டுவதாக இருக்க வேண்டும். டிரெய்லரில் காரை ஏற்றி, சமதரையில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, மெஷின் மேல் ஒரு மரக்கட்டையை நிறுத்தி, அதன் தலையில் கப்ளரை (டிரெய்லர் மூக்கில் பந்தைக் கவ்வும் பாகம்) உட்கார வையுங்கள். ஹிட்ச் பந்து இருக்கும் அதே உயரத்தில் அளக்க வேண்டும். எடை குறைவாகக் காட்டினால் காரை முன்னால் தள்ளுங்கள். கப்ளரிலிருந்து டிரெய்லர் ஆக்சில் 3 மீட்டர் தூரம் என்றால், 900 கிலோ காரை 10 செ.மீ. முன்னால் நகர்த்தினாலே மூக்கு எடை 30 கிலோ கூடும். சரியான இடம் கிடைத்ததும் பலகையில் பெயின்டால் கோடு போட்டுவிடுங்கள், அடுத்த முறை அளக்க வேண்டாம்.

அந்த 100 கிலோ பிக்கப்பின் பின் ஆக்சிலில் 100 கிலோவாக உட்காருவதில்லை என்பதும் ஞாபகம் இருக்கட்டும். வி-கிராஸின் வீல்பேஸ் 3,095 மி.மீ. பந்து பின் ஆக்சிலுக்கு 1.3 மீட்டர் பின்னால் இருந்தால், பின் ஆக்சிலில் சுமார் 142 கிலோ ஏறும், முன் சக்கரங்களிலிருந்து 42 கிலோ குறையும். ஸ்டியரிங் லேசாகிப்போவதும் ஹெட்லைட் எதிரே வருகிறவர் கண்ணில் அடிப்பதும் இதனால்தான். தொட்டியில் ஸ்பேர் டயர்கள், ஜாக்கி, பெட்ரோல் கேன் எல்லாவற்றையும் டெயில்கேட் பக்கம் குவிக்காமல் கேபினை ஒட்டி அடுக்குங்கள்.

டிரெய்லருக்குச் சொந்த பிரேக் இல்லாவிட்டால் இந்த எடையை எடுக்காதீர்கள். ஐரோப்பாவில் 750 கிலோவைத் தாண்டிய டிரெய்லருக்குப் பிரேக் கட்டாயம், நீங்கள் கிட்டத்தட்ட அதன் இரட்டிப்பில் இருக்கிறீர்கள்.

கேள்வி: பீன்யாவில் தெரிந்த ஃபேப்ரிகேஷன் கடையில் பின் பம்பரோடு ஹிட்சை வெல்டிங் செய்து தருவதாகச் சொல்கிறார்கள். செலவு குறைவு. செய்யலாமா? (யஷ்வந்த்பூர் வாசகர்)

பதில்: வேண்டாம். பம்பர் தகடு இழுப்பதற்குச் செய்ததல்ல. சேசிஸில் வெல்டிங் அடிப்பது அதைவிட மோசம்: சூடுபட்ட இடத்தை ஒட்டி இரும்பின் குணம் மாறி, சில மாதங்களில் மயிரிழை விரிசல் விடும். சேசிஸின் இரண்டு பக்கத் தண்டையும் பிடிக்கிற மாதிரி போல்ட் போட்டுப் பொருத்தும் ஹிட்ச்தான் வேண்டும். உங்கள் மாடலுக்கென்றே செய்த ஹிட்ச் கிடைத்தால் அதையே வாங்குங்கள். ஜே.சி. ரோட்டு உதிரிபாகக் கடைகளில் விசாரித்துப் பார்க்கலாம்.

கடையில்தான் செய்தாக வேண்டும் என்றால், பக்கத்துத் தகடு 8 மி.மீ., பந்தின் தண்டு நுழையும் ரிசீவர் குழாயின் சுவர் 6 மி.மீ. இருக்கட்டும். முடிந்தவரை சேசிஸில் ஏற்கெனவே உள்ள ஓட்டைகளையே பயன்படுத்தச் சொல்லுங்கள். புதிதாகத் துளைக்க வேண்டி வந்தால் தண்டின் பக்கவாட்டில், உயரத்தின் நடுப்பகுதியில் துளைக்க வேண்டும். மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் கை வைக்கக் கூடாது, வளைவுச் சுமை முழுவதும் அங்கேதான் இருக்கிறது. சேசிஸ் பெட்டி வடிவமானால் உள்ளே ஸ்பேசர் குழாய் வைத்துத்தான் போல்ட்டை இறுக்க வேண்டும். இல்லாவிட்டால் தகடு உள்வாங்கி, போல்ட் தானே தளர்ந்துவிடும். போல்ட் தலையில் 8.8 அல்லது 10.9 என்று பொறித்திருக்க வேண்டும். எம் 12 அளவில் 8.8 போல்ட்டுக்கு ஏறக்குறைய 80, 10.9-க்கு 115 நியூட்டன் மீட்டர் இறுக்கம். டார்க் ரெஞ்ச் இல்லாமல் குத்துமதிப்பாக இறுக்குகிற கடையை விட்டு வந்துவிடுங்கள். முதல் 100 கி.மீ. ஓடியதும் மறுபடி சோதியுங்கள்.

பந்தின் அளவிலும் ஒரு சிக்கல் உண்டு. சந்தையில் 50 மி.மீ. பந்தும் 2 அங்குலப் பந்தும் கலந்து கிடக்கின்றன. 2 அங்குலம் என்பது 50.8 மி.மீ. பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும். 2 அங்குலக் கப்ளரில் 50 மி.மீ. பந்து மாட்டிக்கொள்ளும், பள்ளத்தில் விழும்போது லொடலொடவென்று அடிக்கும், தேய்ந்த கப்ளரானால் கழன்றும் போகும். பந்தின் தலையிலும் கப்ளரின் மேலும் அளவு பொறித்திருக்கும், இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். பாதுகாப்புச் சங்கிலிகள் இரண்டையும் கப்ளருக்கு அடியில் குறுக்கே மாட்டுங்கள். கப்ளர் கழன்றாலும் மூக்கு தரையில் குத்தாமல் சங்கிலி தாங்கிக்கொள்ளும்.

கேள்வி: டிரெய்லரில் இன்டிகேட்டர் போட்டால் டெயில் லைட்டும் சேர்ந்து மினுக்குகிறது. பிரேக் அடித்தால் எல்லாமே மங்குகிறது. எலக்ட்ரீஷியன் பல்ப் மாற்றிவிட்டார், பலன் இல்லை. (விவேக் நகர் வாசகர்)

பதில்: எர்த் சரியாகக் கிடைக்கவில்லை. திரும்பிப் போக வழி இல்லாத கரன்ட் பக்கத்து பல்புகள் வழியாகப் போகிறது, அவை மினுக்குகின்றன. ஹிட்ச் பந்தையே எர்த்தாக நம்பியிருப்பார்கள், பந்தில் கிரீஸ் பூசியதும் அதுவும் போச்சு. 2.5 சதுர மி.மீ. ஒயர் ஒன்றைச் சாக்கெட்டிலிருந்து சேசிஸின் பெயின்ட் சுரண்டிய இடத்துக்குத் தனியாகக் கொடுங்கள்.

7 பின் சாக்கெட்டில் வழக்கமான நிறங்கள்: மஞ்சள் இடது இன்டிகேட்டர், பச்சை வலது இன்டிகேட்டர், வெள்ளை எர்த், சிவப்பு பிரேக் லைட், பழுப்பு வலது டெயில், கறுப்பு இடது டெயில், நீலம் ஃபாக் லைட். நிறத்தை மட்டும் நம்பாமல் டெஸ்ட் லேம்ப் வைத்தும் பாருங்கள். பிக்கப்பின் டெயில் லைட் ஒயரைச் சுரண்டி நேராக இணைக்காதீர்கள், புது வண்டிகளில் லைட்டைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர் பெட்டியே போய்விடும். ரிலே போடுங்கள், அதன் முனைகளில் எண் இருக்கும்: 86-க்கு டெயில் லைட் ஒயர், 85-க்கு எர்த், 30-க்கு 15 ஆம்பியர் ஃபியூஸ் வழியாக பேட்டரி, 87-லிருந்து டிரெய்லர்.

கேள்வி: கேட்டரிங் டிரெய்லரோடு சேலத்திலிருந்து திரும்பும்போது தொப்பூர் ஏற்றத்தில் பொலேரோ பிக்கப்பின் டெம்பரேச்சர் முள் ஏறிவிடுகிறது. சமதரையில் ஒன்றும் இல்லை. ரேடியேட்டர் புதிதாக மாற்ற வேண்டுமா? (ஸ்ரீராமபுரம் வாசகி)

பதில்: உடனே மாற்றாதீர்கள். முதலில் ரேடியேட்டரின் வெளிப்பக்கம். ஏசி உள்ள வண்டியானால் கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே உள்ள சந்தில் தூசியும் பூச்சியும் கம்பளி போல அடைத்திருக்கும், முன்னாலிருந்து பார்த்தால் தெரியாது. எஞ்சின் பக்கத்திலிருந்து முன்னோக்கித் தண்ணீர் அடிக்கச் சொல்லுங்கள். ஹை பிரஷர் கன்னைக் கிட்டே கொண்டுபோனால் ஃபின்கள் மடிந்துவிடும்.

அதற்கடுத்து ஃபேன் கிளட்ச் (சூடேறும்போது ஃபேனை எஞ்சினோடு சேர்த்துச் சுற்றவைக்கும் பாகம்), அந்த மாதிரி ஃபேன் உள்ள வண்டியானால். எஞ்சின் ஆறியிருக்கும்போது கையால் சுற்றினால் பிசுபிசுப்பாக ஓர் எதிர்ப்பு இருக்க வேண்டும். விட்ட பிறகும் தானே பல சுற்று சுற்றினால் உள்ளே இருந்த சிலிக்கான் ஆயில் ஒழுகிவிட்டது. நடுமையத்திலிருந்து எண்ணெய்க் கோடு இழுத்திருப்பதும் தெரியும். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிடுவது நம் ஊர்ப் பழக்கம், அதைச் செய்யாதீர்கள். கூலன்ட் பாதி, டிஸ்டில்ட் வாட்டர் பாதி. குழாய்த் தண்ணீரால் உட்குழாய்களில் உப்பு படியும்.

ஓட்டும் முறையையும் பார்க்கச் சொல்லுங்கள். மேல் கியரில் 1,300 ஆர்.பி.எம்.மில் முக்கி முக்கி ஏறினால் ஃபேனும் வாட்டர் பம்பும் மெதுவாகச் சுற்றும், எஞ்சினோ முழு டீசலையும் எரிக்கும். ஒரு கியர் இறக்கி 2,000 முதல் 2,500-க்குள் வைத்தால் முள் இறங்கும். மேலே ஏறியதும் உடனே அணைக்காமல் இரண்டு நிமிடம் ஐட்லிங்கில் விடுங்கள், டர்போ ஆறட்டும்.

கேள்வி: டிரெய்லர் மாட்டினால் பிக்கப் பின்னால் தொங்குகிறது. ஸ்பிரிங்கில் கூடுதலாக ஒரு பட்டை போட்டால் போதுமா? (கே.ஆர். புரம் வாசகர்)

பதில்: தொங்கல் குறையும், ஆர்.சி.யில் உள்ள மொத்த எடை வரம்பு ஒரு கிலோகூட ஏறாது. ஆக்சில், பேரிங், பிரேக் எல்லாம் பழையதுதானே. சில பிக்கப்களில் பின் ஆக்சிலோடு ஒரு கம்பி இணைந்த வால்வு இருக்கும். பின்புறம் எவ்வளவு தணிகிறதோ அதைப் பார்த்துப் பின் பிரேக் அழுத்தத்தை அது கூட்டும். பட்டை போட்டு உயர்த்தினால் வண்டி காலி என்று நினைத்து, லோடு இருக்கும்போதே அழுத்தத்தைக் குறைத்துவிடும். பட்டை போட்டால் அந்தக் கம்பியையும் செட் செய்ய வேண்டும்.

கேள்வி: ஒரு முறை தொப்பூர் இறக்கத்தில் டிரெய்லர் வாலாட்ட ஆரம்பித்தது. அப்போது என்ன செய்வது? (ஒசூர் ரோடு வாசகர்)

பதில்: ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள், ஸ்டியரிங்கை நேராகப் பிடியுங்கள். எதிர்ப்பக்கம் திருப்பிச் சரிசெய்யப் பார்த்தால் ஆட்டம் கூடும். திடீர் பிரேக்கும் கூடாது. வேகத்தை ஏற்றினால் நேராகிவிடும் என்று சிலர் சொல்வதை இறக்கத்தில் நம்ப வேண்டாம். பெரும்பாலும் காரணம் மூக்கு எடை குறைவு, இல்லையென்றால் டயர். டிரெய்லர்களுக்குப் பழைய கார் டயர்களை மாட்டுவது வழக்கமாகிவிட்டது. லோடு இன்டெக்ஸ் 85 உள்ள டயர் 515 கிலோதான் தாங்கும். 1,350 கிலோ ஒற்றை ஆக்சில் டிரெய்லரில், மூக்கில் இறங்கும் 100 கிலோ போக, ஒவ்வொரு டயருக்கும் 625 கிலோ வருகிறது. 98 அல்லது அதற்கு மேல் போடுங்கள். நான்கு இலக்கத் தயாரிப்புத் தேதியையும் பாருங்கள், 3219 என்றால் 2019-ஆம் ஆண்டின் 32-வது வாரம்.

இறக்கம் ஆரம்பிக்கும் முன்பே கியரை இறக்குங்கள், ஏறும்போது எந்தக் கியரோ இறங்கும்போதும் அதே. டிரெய்லரில் ஓவர்ரன் பிரேக் (டிரெய்லர் முன்னால் தள்ளும்போது தானே பிடிக்கும் பிரேக்) என்றால், நீங்கள் எஞ்சின் பிரேக்கில் இறங்கும்போதும் அது லேசாகப் பிடித்துக்கொண்டே வரும், டிரம் சூடேறும். கீழே வந்ததும் பாதுகாப்பான இடத்தில் ஒதுங்கி, இரண்டு ஹப்புகளுக்கும் அருகே புறங்கையைக் காட்டுங்கள். ஒரு பக்கம் மட்டும் தகித்தால் பிரேக் அட்ஜஸ்ட்மென்ட் சமமாக இல்லை.

கேள்வி: தமிழ்நாட்டு நம்பர் பிக்கப், கடையில் செய்த டிரெய்லர். பேப்பர் என்னென்ன வேண்டும்? (பொம்மசந்திரா வாசகர்)

பதில்: பிக்கப்புக்கு, பழைய ஆர்.டி.ஓ.விடமிருந்து படிவம் 28-ல் தடையில்லாச் சான்று, பெயர் மாற்ற 29, 30. கடன் இருந்து அடைத்திருந்தால் 35. வேறு மாநில வண்டியை இங்கே 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் புதுப் பதிவெண் கட்டாயம். டிரெய்லரும் 1988 மோட்டார் வாகனச் சட்டப்படி மோட்டார் வாகனம்தான், அதற்கும் தனிப் பதிவு வேண்டும். ஆகவே கடைக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே ஆர்.டி.ஓ.வில் விசாரித்துவிடுங்கள். செய்து முடித்த டிரெய்லர் பதிவாகாமல் போனால் கடைக்காரர் பணம் திருப்பித் தர மாட்டார். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் டிரெய்லர் இழுக்கப்போவதை எழுத்தில் தெரிவித்து, பாலிசியில் சேர்க்கச் சொல்லுங்கள். கம்பெனி அமைத்ததிலிருந்து வண்டியின் அடிப்படை அமைப்பை மாற்றுவதைச் சட்டத்தின் 52-வது பிரிவு தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. சேசிஸை வெட்டி ஒட்டாமல் போல்ட்டில் மாட்டும் ஹிட்சுக்கு இதுவும் ஒரு காரணம்.