எல்க் விழுந்தபின் யார் சுமப்பது? கேள்வி பதில்

கேள்வி (டென்வர்): அண்ணா, கொலராடோவில் முதல்முறையாக எல்க் (பெரிய வகை மான்) வேட்டைக்கு உரிமம் வாங்கியிருக்கிறேன். தனியாகத்தான் போகிறேன். சுட்டதும் தகவல் சொன்னால் வந்து தூக்கித் தருவதாக அலுவலக நண்பர்கள் நான்கு பேர் சொல்லியிருக்கிறார்கள். இது போதுமா?

பதில்: வருவதாகச் சொன்ன நான்கு பேரை நான்கு பேராக எண்ணிவிடாதீர்கள். செவ்வாய்க்கிழமை மாலை எல்க் விழுந்தால் அன்றிரவே கிளம்பக்கூடியவர் அவர்களில் யார்? 3,000 மீட்டர் உயரத்தில், 30 கிலோ சுமையோடு, விழுந்து கிடக்கும் பைன் மரங்களைத் தாண்டித் தாண்டி நடக்கக்கூடியவர் யார்? இரண்டுக்கும் ஆம் என்று சொல்பவரை மட்டும் கணக்கில் வையுங்கள். பெரும்பாலும் ஒருவர் தேறுவார்.

கணக்கையும் போட்டுப் பாருங்கள். வளர்ந்த ஆண் எல்க் 300 கிலோவுக்கு மேல் இருக்கும். எலும்பு நீக்கிய இறைச்சி மட்டும் 80 முதல் 110 கிலோ வரை தேறும். 90 கிலோ என்று வைத்துக்கொள்வோம். நடைக்கு 30 கிலோ என்றால் மூன்று நடை. வண்டி நிற்கும் இடம் 5 கிலோமீட்டர் தள்ளி இருந்தால் மூன்று முறை சுமையோடு வந்து, இரண்டு முறை வெறும் பையோடு திரும்ப வேண்டும். மொத்தம் 25 கிலோமீட்டர். கொம்புக்கும் கூடாரத்துக்கும் இன்னொரு நடை போட்டால் 35. அதே 90 கிலோவை மூன்று பேர் ஒரே நடையில் இறக்கிவிடலாம். ஆள் துணையின் மதிப்பு அவ்வளவு பெரியது. அதனால்தான் அதை நம்பிக்கையின்மேல் விடக் கூடாது என்கிறேன்.

துப்பாக்கியைத் தோளில் வைக்கும் முன் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: இவர்களில் ஒருவருமே வராவிட்டால், இறைச்சி கெடுவதற்குள் நான் தனியாளாக இதை இறக்கிவிடுவேனா? முடியாது என்று தோன்றினால் அந்த எல்க் நடந்து போகட்டும்.

கேள்வி (சால்ட் லேக் சிட்டி): செப்டம்பரில் வில் வேட்டைக்குப் போகிறேன். நண்பர் மறுநாள் மதியம்தான் வர முடியும் என்கிறார். அதுவரை இறைச்சி தாங்குமா?

பதில்: நண்பருக்காகக் காத்திருக்கும் நேரத்தில் நீங்கள் செய்கிற வேலையைப் பொறுத்தது அது. எல்க்கின் தோல் தடிப்பானது. உரிக்காமல் விட்டால் உடல் சூடு இரவெல்லாம் உள்ளேயே நிற்கும். முதலில் கெடுவது பின்னந்தொடைதான். மேலே தொட்டால் சில்லென்று இருக்கும். இடுப்பு மூட்டை ஒட்டிக் கத்தியை இறக்கிப் பார்த்தால் உள்ளே வெதுவெதுப்பாக, புளித்த வாடையோடு இருக்கும்.

எனவே நண்பர் வரும்வரை எதையும் தள்ளிப்போடாதீர்கள். வயிற்றைத் திறக்காமலே ஒரு பக்கத் தோலை உரித்து, முன்காலையும் பின்காலையும் பிரித்தெடுங்கள். முதுகுத்தண்டை ஒட்டிய நீண்ட சதையையும் கழுத்துக் கறியையும் அறுத்தெடுத்துவிட்டு, உடலைப் புரட்டி மறுபக்கமும் அதையே செய்யுங்கள். இடுப்புக்கு உட்புறம் இருக்கும் மென்மையான சதைக்குக் கடைசி விலா எலும்புக்குப் பின்னால் கைவிட்டால் எட்டும். எல்லாவற்றையும் காற்றுப் புகும் துணிப்பைகளில் போட்டு மரக்கிளையில் நிழலில் தொங்கவிடுங்கள். பிளாஸ்டிக் பை வேண்டவே வேண்டாம், சூட்டையும் ஈரத்தையும் அது உள்ளேயே பிடித்து வைக்கும். இரவு நன்றாகக் குளிர்ந்தால் மறுநாள் மதியம் வரை பயமில்லை. வெப்பமான இரவென்றால் தொடை எலும்பையும் நீக்கிவிடுங்கள், முதல் சுமையை அன்றிரவே இறக்கத் தொடங்குங்கள்.

கேள்வி (சியாட்டில்): நான் வேட்டைக்காரன் இல்லை. நண்பருக்காகச் சுமக்க மட்டும் போகிறேன். என்ன தெரிந்திருக்க வேண்டும்?

பதில்: உங்களைப் போன்றவர்களால்தான் பலருடைய இறைச்சி வீடு வந்து சேர்கிறது. முதலில் பையைக் கவனியுங்கள். சட்டகமும் அகலமான இடுப்புப்பட்டையும் உள்ள பை வேண்டும். பள்ளிப் பிள்ளைகள் மாட்டும் பையில் தொடையைத் திணித்தால் அது கீழே சரிந்து, ஒவ்வொரு அடிக்கும் இடுப்பைப் பின்னால் இழுக்கும். இறைச்சி தோள்பட்டைகளுக்கு நடுவே, முதுகோடு ஒட்டி, அசையாமல் கட்டப்பட்டிருக்க வேண்டும். உட்கார்ந்தபடி பையை மாட்டி, இடுப்புப்பட்டையை இறுக்கிய பிறகு, முன்னே குப்புறச் சாய்ந்து முழங்காலூன்றி எழுந்திருங்கள். இரண்டு ஊன்றுகோல்கள் அவசியம், இறக்கத்தில் முழங்காலைக் காப்பவை அவைதான். நெற்றி விளக்குக்கு மாற்று பேட்டரியும் எடுத்துக்கொள்ளுங்கள், இந்த வேலை பெரும்பாலும் இருட்டில்தான் முடிகிறது.

இன்னொன்று. நண்பர் உடன் இல்லாமல் நீங்கள் மட்டும் காரில் இறைச்சியைக் கொண்டுபோவதாக இருந்தால், அவரிடம் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். அலாஸ்காவிலும் ஐடஹோவிலும் இதற்கென்றே படிவம் உண்டு. அது இல்லாமல் வழியில் வனவிலங்கு அதிகாரி நிறுத்தினால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

கேள்வி (பில்லிங்ஸ்): இறைச்சியைப் பாதி எடுத்துவிட்டு மீதிக்கு மறுநாள் ஆட்களோடு திரும்பலாமா? கிரிஸ்லி கரடி உள்ள பகுதி.

பதில்: இறைச்சியைக் குடலும் எலும்பும் கிடக்கும் இடத்திலிருந்து குறைந்தது 100 மீட்டர் தள்ளி, தூரத்திலிருந்தே கண்ணுக்குத் தெரிகிற வெட்டவெளியை ஒட்டித் தொங்கவிட்டிருந்தால் திரும்பலாம். காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்த்து, சத்தம் போட்டுக்கொண்டே நெருங்குங்கள். கரடி விரட்டும் ஸ்ப்ரே ஒவ்வொருவர் இடுப்பிலும் இருக்க வேண்டும், பைக்குள் இருந்து பயனில்லை. கரடி அதைத் தன் உணவாக்கிக்கொண்டுவிட்டால் திரும்பி வந்துவிடுங்கள். 2018 செப்டம்பரில் வயோமிங்கின் டீட்டன் வனத்தில், முந்தின நாள் அம்பு பட்ட எல்க்கை எடுக்கப் போன வழிகாட்டி ஒருவர் கிரிஸ்லி தாக்கி இறந்தார். தொழிலாகவே அதைச் செய்தவருக்கு நேர்ந்தது அது. உதவிக்கு வருபவரிடம் இந்த ஆபத்தை முன்கூட்டியே சொல்லாமல் அழைத்துப் போவது பெரிய தவறு.

கேள்வி (ஆஸ்டின்): எச்-1பி விசாவில் இருக்கிறேன். அலாஸ்காவில் மூஸ் (எல்க்கைவிடப் பெரிய மான்) வேட்டைக்கு நண்பர்களோடு போகலாமா? இறைச்சியைச் சிறு விமானம் எடுத்துவரும் என்கிறார்கள்.

பதில்: தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்பது மத்தியச் சட்டம். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருந்தால் விலக்கு உண்டு. ஆனால் அமெரிக்கக் குடிமகன் அல்லாத, அமெரிக்காவில் நிரந்தரமாகக் குடியிருக்காத ஒருவர் அலாஸ்காவில் எந்தப் பெரிய விலங்கை வேட்டையாடவும் உரிமம் பெற்ற வழிகாட்டி உடன் இருக்க வேண்டும். நீங்கள் அந்த வகையில் வந்தால் நண்பர்கள் மட்டும் போதாது.

விமானத்தைப் பற்றி உங்கள் நண்பர்கள் பாதிதான் சொல்லியிருக்கிறார்கள். அது ஏரியிலோ ஆற்று மணல்திட்டிலோதான் இறங்கும். மூஸ் விழுந்த இடத்திலிருந்து அதுவரை சுமப்பது மனித முதுகுதான். ஒரு பெரிய மூஸில் 225 கிலோ இறைச்சி வரும். சில பகுதிகளில் அதை எலும்போடுதான் வெளியே கொண்டுவர வேண்டும் என்ற விதியும் இருக்கிறது, அப்போது எடை இன்னும் ஏறும். கொம்பை முதலில் எடுக்கவும் கூடாது. கடைசிச் சுமையோடு அல்லது அதற்குப் பிறகுதான். இறைச்சியை விட்டுவிட்டு வந்தால் பெரிய அபராதமும் ஓராண்டு வரை சிறையும் கிடைக்கலாம். சதுப்பு நிலத்தில் ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளி நிற்கும் மூஸைச் சுடாமல் விடுகிற வேட்டைக்காரர்களை நான் மிகவும் மதிக்கிறேன்.

கேள்வி (போல்டர்): கோவேறு கழுதை வைத்திருப்பவர்களைக் கூப்பிடலாமா?

பதில்: தாராளமாக, ஆனால் பருவம் தொடங்கும் முன்பே பேசி வையுங்கள். வேட்டைப் பருவத்தில் அவர்கள் மலையில் வேறொரு முகாமில் இருப்பார்கள், கூப்பிட்ட அன்றே வருவார்கள் என்று சொல்ல முடியாது. ஒரு கோவேறு கழுதை சுமார் 70 கிலோ சுமக்கும், ஒரு எல்க்குக்கு இரண்டு வேண்டும். இருபுறமும் சம எடை இல்லாவிட்டால் சேணம் சரியும், அதனால் தொடைகளை ஜோடி ஜோடியாகப் பிரித்து வையுங்கள். கொலராடோவில் இதைத் தொழிலாகச் செய்பவர் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேளுங்கள்.

கேள்வி (டென்வர்): உதவிக்கு வந்தவர்களுக்கு என்ன கொடுப்பது முறை?

பதில்: பெட்ரோல் செலவு, சாப்பாடு, வீட்டுக்குக் கொண்டுபோக நல்ல இறைச்சி. கடைசியாக மிஞ்சிய கொத்துக்கறியைக் கொடுத்து அனுப்பாதீர்கள், முதுகுக் கறியில் பங்கு கொடுங்கள். அன்பளிப்பாக மட்டும். வேட்டை இறைச்சியை விற்பது குற்றம். அடுத்த ஆண்டு அவர் கூப்பிட்டால் நீங்கள் போக வேண்டும். அதுதான் உண்மையான கூலி.

கேள்வி (ஃபோர்ட் காலின்ஸ்): போன ஆண்டு வருவதாகச் சொன்ன நண்பர் போனையே எடுக்கவில்லை. பின்னந்தொடை இரண்டும் கெட்டுவிட்டன. இன்றுவரை அவரிடம் பேசவில்லை.

பதில்: உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனாலும் உரிமத்தில் இருப்பது உங்கள் பெயர். நான்கு கால்களும் முதுகுக் கறியும் வெளியே வந்தாக வேண்டும் என்று கொலராடோ சட்டம் கேட்பது உங்களை. எல்க்குக்குக் கடன்பட்டவரும் நீங்கள்தான். நண்பர் தந்தது ஒரு வாக்கு, அதைக் காப்பாற்றாதது அவர் பிழை. இரண்டாவது ஆளுக்குச் சொல்லி வைக்காததும், ஒருவரை மட்டும் நம்பி அவ்வளவு உள்ளே போனதும் உங்கள் முடிவு. அவரிடம் பேசுங்கள்.

கேள்வி (கிராண்ட் ஜங்ஷன்): ஆள் கிடைக்காவிட்டால் சக்கரவண்டியில் இழுத்து வரலாமா?

பதில்: 1964ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் காக்கப்படும் வனப்பகுதிகளில் கூடாது. மோட்டார் மட்டுமல்ல, கையால் இழுக்கும் வண்டிக்கும் அங்கே தடை. அதற்கு வெளியே, பழைய மரவெட்டுப் பாதைகளில் ஒற்றைச் சக்கர வண்டி நன்றாக உதவும். செங்குத்தான சரிவில் மட்டும் பின்னால் கயிறு பிடித்துக்கொள்ள இன்னொருவர் வேண்டும்.