வாங்கிய மறுவாரமே விளக்கு எரிகிறதா? பழைய டீசல் கார் கேள்வி பதில்

டேஷ்போர்டில் எரியும் விளக்கைப் பற்றிக் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். எந்த கார் வாங்கலாம், எது நல்ல மைலேஜ் தரும் என்பதற்கு நான் ஆள் இல்லை.

கேள்வி: சார், போன வாரம்தான் செகண்ட் ஹேண்டில் டீசல் கார் வாங்கினேன். ஓட்டிப் பார்த்தபோது ஒரு விளக்கும் எரியவில்லை. மூன்றாம் நாள் மஞ்சள் எஞ்சின் விளக்கு வந்து நின்றுவிட்டது. விற்றவர், "கொடுக்கும்போது நல்லாத்தானே இருந்தது" என்கிறார். ஏமாந்துவிட்டேனா?

பதில்: இருக்கலாம். அதைக் காரிடமே கேட்கலாம். ஸ்டியரிங்குக்குக் கீழே 16 முனை கொண்ட ஓபிடி சாக்கெட் இருக்கும், காரின் கணினியோடு பேசும் வாசல் அது. ஒரு சாதாரண ப்ளூடூத் ஸ்கேனரை அதில் செருகி, போனில் செயலியைத் திறந்தால் பிழைக் குறியீடு வரும். எல்லோரும் அதோடு நிறுத்திவிடுவார்கள். நீங்கள் இன்னும் கொஞ்சம் தேடினால் "குறியீடுகள் அழிக்கப்பட்டபின் ஓடிய தூரம்" என்று ஒரு கணக்கு இருக்கும். வாங்கியபின் நீங்கள் ஓட்டியது 180 கிலோமீட்டர், அந்தக் கணக்கு காட்டுவது 190 என்றால், சாவி உங்கள் கைக்கு வருவதற்குச் சற்று முன்புதான் யாரோ அழித்திருக்கிறார்கள். சில கார்களில் பேட்டரியைக் கழற்றினாலும் இது பூஜ்ஜியமாகிவிடும். அதனால் சண்டைக்குப் போகுமுன் பேட்டரி மாற்றினாரா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

மூன்று நாள் ஏன் தாமதம்? பல பிழைகளை எஞ்சின் கணினி ஒரே தடவையில் நம்பாது. அடுத்தடுத்த ஓட்டங்களிலும் அதே பிழை தெரிந்தால்தான் விளக்கைப் போடும். அழித்து விற்பவர்களுக்குக் கிடைக்கும் அவகாசம் அதுதான்.

இப்போது ஒரே ஒரு வேண்டுகோள்: குறியீட்டை அழிக்காதீர்கள். பிழை விழுந்த நேரத்தில் வேகம், சூடு, சுமை என்னவாக இருந்தன என்ற பதிவும் கூடவே இருக்கும். இரண்டையும் படம் எடுத்து வைத்துக்கொண்டு, அப்புறம் மெக்கானிக்கிடம் போங்கள்.

கேள்வி: அண்ணா, நின்றிருக்கும்போது மட்டும் சிவப்பு எண்ணெய் விளக்கு லேசாக மினுக்குகிறது. ஓட ஆரம்பித்தால் போய்விடுகிறது. சர்வீஸ் வரை ஓட்டலாமா?

பதில்: கூடாது. அது எண்ணெய் அழுத்தம் குறைவதைச் சொல்லும் விளக்கு. எஞ்சினை அணையுங்கள், அளவுக்கம்பியை இழுத்து எண்ணெயைப் பாருங்கள். அளவு சரியாக இருந்தாலும் ஓட்ட வேண்டாம், ஏற்றிக்கொண்டு போகச் சொல்லுங்கள்.

கேள்வி: சுருள் கம்பி மாதிரி ஒரு மஞ்சள் விளக்கு. காலையில் சாவி போட்டால் வந்து போகும். நேற்று ஓடும்போது மினுக்க ஆரம்பித்தது, இழுவையும் குறைந்துவிட்டது.

பதில்: காலையில் வந்து போவது நியாயமானது. குளிர்ந்த சிலிண்டரைச் சூடேற்றும் குளோ பிளக் வேலை செய்கிறது, விளக்கு அணைந்ததும் ஸ்டார்ட் செய்யலாம் என்று அர்த்தம். ஓடும்போது மினுக்குவது வேறு கதை. சில தயாரிப்பாளர்கள் அதே விளக்கைப் பொதுவான எஞ்சின் பிழைக்கும் பயன்படுத்துகிறார்கள். பலர் இதைப் பார்த்துக் குளோ பிளக்கை மாற்றிவிட்டு, அப்புறமும் மினுக்குகிறதே என்று விழிப்பார்கள். குறியீட்டைப் படியுங்கள். பி 0380 என்றால் குளோ பிளக் மின்சுற்று. பி 0299 என்றால் எஞ்சினுக்குள் காற்றைத் தள்ளும் டர்போவின் அழுத்தம் போதவில்லை. இழுவை குறைந்தது என்கிறீர்களே, பெரும்பாலும் இந்தப் பக்கம்தான் இருக்கும். டர்போவையே மாற்றச் சொன்னால் முதலில் காற்றுக் குழாய்களில் விரிசல் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: பேட்டரி டெர்மினலைக் கழற்றி மாட்டினால் விளக்கு போய்விடுமாமே?

பதில்: விளக்கு போகலாம். கோளாறு போகாது. மேலே சொன்ன பதிவும் கூடவே போய்விடும்.

கேள்வி: டிபிஎஃப் விளக்கு அடிக்கடி வருகிறது. என் ஓட்டமெல்லாம் வீட்டிலிருந்து அலுவலகம், பத்து நிமிடம். கூடவே ஒரு விசித்திரம்: எண்ணெய் அளவு குறையாமல் ஏறுகிறது!

பதில்: இதற்காகத்தான் காத்திருந்தேன். இரண்டும் ஒரே கதை. டிபிஎஃப் புகைக்கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி. நிறைந்ததும் கார் அதைச் சுமார் 600 டிகிரி சூட்டில் எரித்துச் சுத்தம் செய்யும். அந்தச் சூட்டுக்காகக் கூடுதலாக டீசலைப் பீய்ச்சும். நடுவில் நீங்கள் அலுவலகம் வந்துவிட்டது என்று அணைத்தால் வேலை பாதியில் நிற்கும், மறுநாள் மறுபடி ஆரம்பிக்கும். இப்படி வீணாகும் டீசலில் ஒரு பகுதி சிலிண்டர் சுவர் வழியாக வழிந்து எண்ணெயில் சேர்கிறது. அதுதான் ஏறும் அளவு. டீசல் கலந்த எண்ணெய் உராய்வைத் தாங்காது. அளவு மிக அதிகமானால் எஞ்சின் அந்த எண்ணெயையே எரித்துக்கொண்டு, சாவியை அணைத்தாலும் நிற்காமல் எகிறவும் கூடும். உடனே எண்ணெயை மாற்றுங்கள், டிபிஎஃப் கார்களுக்கான சாம்பல் குறைந்த ரகமாக இருக்கட்டும்.

அப்புறம் எஞ்சின் நன்றாகச் சூடானபின், இருபது நிமிடமாவது நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் ஓட்டுங்கள். டேங்கில் டீசல் குறைவாக இருந்தால் பல கார்கள் இந்தச் சுத்தத்தைத் தொடங்கவே தொடங்காது. ஐட்லிங் சற்று ஏறியிருந்தாலோ, நிறுத்தியபின் ஃபேன் இரைந்தாலோ வேலை நடக்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள். காய்ந்த புல்மேல் மட்டும் அப்போது நிறுத்தாதீர்கள்.

இதற்கும் அடங்கவில்லை என்றால் எஞ்சின் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டைப் பாருங்கள். அது திறந்தபடியே சிக்கிக்கொண்டால் எஞ்சின் போதிய சூட்டை எட்டாது, சுத்தமும் நடக்காது. சின்ன உதிரிபாகம், பழி முழுக்க வடிகட்டி மேல் விழும்.

கேள்வி: விளக்கு எரிகிறது. என்ன செய்ய?

பதில்: எந்த விளக்கு, என்ன நிறம், என்ன குறியீடு?

கேள்வி: அண்ணே, இவ்வளவு தொல்லை எதற்கு? டிபிஎஃப்பைக் குடைந்து எடுத்துவிட்டு, சாஃப்ட்வேரில் மறைத்துவிட்டால் முடிந்தது. நான் செய்துவிட்டேன். இழுவை கூடியிருக்கிறது.

பதில்: உங்களுக்கு முடிந்தது. பின்னால் வருபவருக்கு நுண்துகள் புகை. பல நாடுகளில் இது சட்டவிரோதமும்கூட.

அவரே: டிபிஎஃப் வராத காலத்தில் டீசல் கார் ஓடவில்லையா? கம்பெனிக்காரன் உங்களுக்குக் கமிஷன் தருகிறானா?

பதில்: ஓடின. டிபிஎஃப் இல்லாமல் ஓடவே வடிவமைக்கப்பட்டு ஓடின. உங்கள் கார் அப்படியல்ல. வடிகட்டி அடைத்ததற்கு ஒரு காரணம் இருந்தது: டீசல் ஒழுகும் இன்ஜெக்டரா, புகையில் ஒரு பகுதியை எஞ்சினுக்கே திருப்பிவிடும் இஜிஆர் வால்வு சிக்கியதா, எண்ணெய் கசியும் டர்போவா? அதைத் தேடாமல், புகார் சொன்னவனின் வாயை அடைத்துவிட்டீர்கள். காரணம் இன்னும் உள்ளேயேதான் இருக்கிறது. கமிஷன் வந்தால் சொல்லி அனுப்புகிறேன்.

அவரே: அது நடக்கும்போது பார்த்துக்கொள்வேன். அதற்குள் விற்றுவிடுவேன்.

பதில்: அதைத்தான் சொல்கிறேன். இங்கே கேள்வி கேட்கிற பாதிப் பேர் அப்படி விற்கப்பட்ட காரை வாங்கியவர்கள்.

கேள்வி (வேறொருவர்): வயிற்றில் புளியைக் கரைக்கிறீர்களே! நான் வாங்கியதில் டிபிஎஃப் இருக்கிறதா, எடுத்துவிட்டார்களா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: இது கேள்வி. எஞ்சின் ஆறியபின் சைலன்சர் முனைக்குள் விரலை விட்டுத் தேயுங்கள். வடிகட்டி ஒழுங்காக இருந்தால் விரலில் கரி அதிகம் ஒட்டாது. கன்னங்கரேல் என்று வந்தால் சந்தேகப்படுங்கள். அடுத்து, காரைத் தூக்கி வடிகட்டிக் கூட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். வெட்டித் திறந்து மறுபடி வெல்டிங் செய்த தழும்பு கண்ணுக்குத் தெரியும். மூன்றாவது ஸ்கேனர்: வடிகட்டியின் முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் உள்ள அழுத்த வித்தியாசம் ஆக்சிலரேட்டரை மிதித்தால் ஏற வேண்டும். எவ்வளவு மிதித்தாலும் அசையாமல் நின்றால் உள்ளே ஒன்றும் இல்லை, அல்லது சென்சாரோ அதன் குழாயோ கெட்டிருக்கிறது.

கேள்வி: ஆட்புளூ விளக்கு வந்தது, டீசல் டேங்கிலேயே ஊற்றிவிட்டேன்.

பதில்: சாவியைக்கூடப் போடாதீர்கள். அது புகையைச் சுத்தம் செய்யத் தனி டேங்கில் ஊற்றும் யூரியா கரைசல். டேங்கை வடித்துக் கழுவிய பிறகுதான் ஸ்டார்ட்.

கேள்வி: என் பெட்ரோல் காரில் பி 0420...

பதில்: வேறு ஆளைக் கேளுங்கள்.

கேள்வி: விளக்கை அழித்துவிட்டேன், மறுபடி வந்துவிட்டது. என்ன குறியீடு என்று பார்க்கவில்லை.

பதில்: மேலே முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: நாளைக்கு ஒரு காரைப் பார்க்கப் போகிறேன் சார். ஸ்கேனர் இல்லை. வெறும் கண்ணால் என்ன பார்க்கலாம்?

பதில்: எஞ்சினை முன்கூட்டியே சூடாக்கி வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போங்கள். சாவியைப் பாதி திருப்பி, ஸ்டார்ட் செய்யாமல் நிறுத்துங்கள். எஞ்சின், எண்ணெய், ஏபிஎஸ், ஏர்பேக் விளக்குகள் எல்லாம் எரிய வேண்டும். ஏதாவது ஒன்று எரியவில்லை என்றால் பல்பையோ இணைப்பையோ யாரோ பிடுங்கியிருக்கலாம். ஏன் என்று விற்பவரிடமே கேளுங்கள்.