கட்டிப்பாலும் ஏஐயும் – கடிதம்

வணக்கம் சார்,

நான் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். நான்கு ஆண்டுகளாக அப்சிடியன் என்ற குறிப்பேட்டுச் செயலியில் குறிப்பு எழுதுகிறேன். படித்தது, உறவினர் சொன்ன தோட்டத்துக் கதைகள், அம்மாவின் சமையல் என்று மூவாயிரம் கோப்புகளுக்கு மேல் சேர்ந்துவிட்டன. தேடினால் பாதி கிடைப்பதில்லை. ஏஐயை இணைத்துவிட்டால் அதுவே எடுத்துத் தரும் என்கிறான் மகன். இணைக்கலாமா? இணைத்தால் நான் யோசிப்பது குறைந்துவிடுமா? அப்பா தொண்ணூறுகளில் முரசு அஞ்சல் என்ற தமிழ் மென்பொருளில் தட்டச்சு செய்த நாட்குறிப்பும் அங்கேதான் இருக்கிறது, திறந்தால் ஏதேதோ எழுத்துகளாகத் தெரிகிறது. அதையும் ஏஐ படித்துவிடுமா?

க., செந்தூல், கோலாலம்பூர்

அன்புள்ள க.,

இணைக்கலாம். நானும் இங்கே பினாங்கில் என் குறிப்புகளை இணைத்துத்தான் வைத்திருக்கிறேன். ஆனால் எந்த ஃபோல்டரைக் காட்டுவது என்பதை மகனிடம் விட்டுவிடாதீர்கள், நீங்களே உட்கார்ந்து பிரியுங்கள், ஒரு வாரம் ஆனாலும் சரி.

தேடல் ஏன் கிடைப்பதில்லை என்பதற்கு நம் மொழியே ஒரு காரணம். ‘பினாங்கு’ என்று தேடினால் ‘பினாங்கில்’ என்று எழுதிய குறிப்பு வராது, கடைசி உகரம் போய்விடுகிறதே. ‘தோட்டம்’ என்று தேடினால் ‘தோட்டத்தில்’ வராது. எழுத்துக்கு எழுத்து பார்க்கும் எந்தத் தேடலும் தமிழில் இப்படித்தான் கைவிடும். ஏஐ வழித் தேடலில் பொருளை வைத்தும் தேட முடிகிறது. ‘சம்பளம் போதாமை’ என்று நான் கேட்டபோது, ‘கைக்காசு பத்தல, சீனன் கடையில கடன்’ என்று ஒருவர் சொல்லி நான் எழுதி மறந்தே போயிருந்த குறிப்பு வந்தது. அன்றைக்கு உண்மையிலேயே சந்தோஷப்பட்டேன்.

அப்புறம் நடந்ததையும் சொல்ல வேண்டும். நிபோங் திபால் பக்கம் ஒரு பாட்டியிடம் இரண்டு மணி நேரம் பேசி நீளமாக எழுதி வைத்திருந்தேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர், இருட்டோடு பெரட்டுக்குப் போய், மங்கு துடைத்து, பாலை வாளியில் ஊற்றி ஸ்டோருக்குச் சுமந்தவர். அவரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல் என்று கேட்டேன். மாடு வளர்த்துப் பால் விற்றுக் குடும்பத்தைக் காப்பாற்றியவர் என்று நல்ல தமிழில் பதில் வந்தது. அவர் விரலில் இருந்த கத்தித் தழும்பைப் பார்த்தவன் நான். அந்த வரியைப் படித்துவிட்டு வெகுநேரம் எதுவும் செய்யத் தோன்றவில்லை.

காரணத்தைத் தேடிப் பார்த்தேன். இந்த மாதிரி ஏற்பாடுகள் பலவற்றில் நீளமான கோப்பை முழுதாகப் படிப்பதில்லை, துண்டு துண்டாக வெட்டி வைத்துக்கொண்டு, கேள்விக்கு நெருக்கமான துண்டுகளை மட்டும் எடுத்து ஏஐயிடம் கொடுக்கிறார்கள். அன்று போன துண்டில் ‘பால் எடுத்துட்டு வர பத்து மணி ஆயிரும், கட்டிப்பாலத் தனியா வைக்கணும்’ என்று இருந்தது, அவ்வளவுதான். ரப்பர், தோட்டம் என்ற சொற்கள் கோப்பின் முதல் பத்தியோடு நின்றுவிட்டன. பாட்டிக்கும் எனக்கும் பால் என்றால் என்னவென்று தெரியும், ஆகவே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொள்ளவில்லை.

இப்போது ஒவ்வொரு குறிப்பின் தலையிலும் யார், எந்த ஊர், எந்தக் காலம், என்ன வேலை என்று இரண்டு வரி எழுதுகிறேன். பால் என்றால் ரப்பர் பால், கட்டிப்பால் என்றால் அது உறைந்து கட்டியானது, மங்கு என்றால் பால் பிடிக்கும் கிண்ணம், பெரட்டு என்றால் காலையில் ஆள் கணக்கெடுப்பது என்று நம் சொற்களுக்குத் தனியாக ஒரு கோப்பு வைத்து, எதற்கும் முன்னால் அதைப் படி என்று ஏஐயிடம் சொல்லி வைத்திருக்கிறேன். பதில் எதுவானாலும் கோப்பின் பெயரும் என் குறிப்பிலுள்ள வரியும் அப்படியே கூட வர வேண்டும். வந்ததும் அந்தக் கோப்பைத் திறந்து பார்க்கிறேன்.

எழுதும் அனுமதி மட்டும் கொடுக்காதீர்கள். அப்சிடியன் குறிப்புகள் உங்கள் கணினியில் சாதாரண எழுத்துக் கோப்புகளாகவே இருக்கின்றன, ஆகவே எந்த மென்பொருளும் எளிதாகப் படிக்கலாம், எளிதாக மாற்றவும் செய்யலாம். 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் என்ற ஏஐ நிறுவனம் வெளியிட்ட எம்சிபி என்ற பொது இணைப்பு முறையைத்தான் இப்போது பலரும் பயன்படுத்துகிறார்கள். அதில் கோப்புகளுக்கான இணைப்பு, நீங்கள் குறிப்பிட்ட ஃபோல்டருக்கு வெளியே போகாது, ஆனால் அதற்குள் படிக்கவும் எழுதவும் அதற்கு வழி உண்டு. எழுத அனுமதி கேட்டால் மறுத்துவிடுங்கள். அந்த மாட்டுக்காரப் பாட்டி ஒரு கோப்பாக என் குறிப்புகளுக்குள் போய் உட்கார்ந்திருந்தால், ஆறு மாதம் கழித்து நானே எழுதியது என்று நம்பியிருப்பேன், அடுத்த கேள்விக்கு ஏஐயும் அதையே ஆதாரமாக எடுத்துக் காட்டியிருக்கும். வலையிலிருந்து வெட்டி ஒட்டிய பக்கங்களையும் தனியே வையுங்கள். ஏஐக்கென்றே அவற்றில் கட்டளைகளை ஒளித்து வைக்க முடியும்.

ஃபோல்டர் நம் கணினியில் இருப்பதால் எதுவும் வெளியே போகாது என்று பலர் நினைக்கிறார்கள். ஏஐ வெளியே ஒரு நிறுவனத்தின் கணினியில் ஓடுகிறது என்றால், அது படிக்கும் வரிகளும் அங்கே போகத்தான் செய்யும். ஒல்லாமா மாதிரி ஒரு மென்பொருளை நிறுவி நம் கணினியிலேயே ஒரு ஏஐ மாடலை ஓட்டலாம், ஆனால் என் மடிக்கணினி தாங்குகிற சிறிய மாடல்களின் தமிழ் எனக்குப் போதவில்லை. ‘எழுதாதீங்க தம்பி, உங்களுக்காகத்தான் சொல்றேன்’ என்று சொல்லிவிட்டுப் பேசியவர்கள் என் குறிப்புகளில் நிறையப் பேர். அவர்கள் எல்லாரையும் வேறு ஃபோல்டருக்கு மாற்றினேன், அதை எதோடும் இணைக்கவில்லை. உங்களிடம் பேசிய உறவினர்களில் யார் அப்படிப்பட்டவர் என்று மகனுக்குத் தெரியாது. அதனால்தான் நீங்களே பிரியுங்கள் என்றேன்.

யோசிப்பது குறையுமா? சுருக்கம் கேட்டுக் கேட்டுப் படிக்கத் தொடங்கியபோது எனக்குக் குறைந்தது. எங்கே எழுதினேன் என்று மட்டும் கேட்கத் தொடங்கிய பிறகு, பழைய குறிப்புகளை முன்னைவிட அதிகமாகத் திறந்து படிக்கிறேன்.

அப்பாவின் நாட்குறிப்பு அழியவில்லை, கவலைப்படாதீர்கள். முத்து நெடுமாறன் 1985இல் உருவாக்கிய முரசு அஞ்சல்தான் இங்கே பலருக்குக் கணினித் தமிழைக் கொடுத்தது. ஆனால் எழுத்துகளைக் கணினி எண்களாகச் சேமிக்கும் முறைக்குக் குறியாக்கம் என்று பெயர், தொண்ணூறுகளின் கோப்புகள் இன்றைய பொதுக் குறியாக்கமான யூனிகோடுக்கு முந்திய குறியாக்கங்களில் இருக்கும். திஸ்கி மாதிரியான அந்த முறைகளில், ‘கெ’ என்பதில் கொம்பு முதலிலும் ககரம் அடுத்தும் சேமிக்கப்படும், கண்ணுக்குத் தெரிகிற வரிசையிலேயே. யூனிகோடில் ககரம் முதலில் வரும். அந்தக் கோப்புகளை அப்படியே ஏஐயிடம் கொடுக்காதீர்கள், புரியாத இடத்தில் தானே எதையாவது இட்டு நிரப்பும். மூலக் கோப்பைத் தொடாமல் ஒரு நகலை எடுத்து, குறியாக்கம் மாற்றும் கருவி ஒன்றில் போடுங்கள். மாறியதும் கெ, தொ, பொ போன்ற எழுத்துகளை மட்டும் உற்றுப் பாருங்கள், கொம்பு இடம் மாறிக் கிடந்தால் குறியாக்கத்தைத் தவறாகத் தேர்ந்திருக்கிறோம் என்று பொருள். அப்பா அச்சிட்டு வைத்த தாள் ஒன்றாவது வீட்டில் இருக்கிறதா என்று தேடுங்கள், பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம். இல்லையென்றால், அந்தரங்கம் இல்லாத ஒரு பக்கத்தை மட்டும் எனக்கு அனுப்புங்கள், எந்தக் குறியாக்கம் என்று பார்த்துச் சொல்கிறேன்.