நிறுவன ஆலோசகரை வைப்பதால் பலன் உண்டா, தண்டச் செலவா?

நாற்பது பேர் வேலை செய்கிறார்கள், ஆர்டருக்குக் குறைவில்லை, ஆனாலும் எதுவும் சொன்ன தேதிக்கு முடிவதில்லை, வெளியிலிருந்து ஒரு ஆலோசகரைக் கூப்பிட்டால் சரியாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள்தான் முதலாளி என்றும், வீட்டில் யாரோ ஒருவர் "எதுக்கு இந்த வீண் வேலை" என்கிறார் என்றும் நானே ஊகித்துக்கொள்கிறேன். தப்பாக இருந்தால் மன்னியுங்கள், என் வீட்டில் அப்படித்தான் ஆரம்பித்தது.

நான் ஆலோசகர் இல்லை. எனக்கு எவரும் கமிஷன் தருவதும் இல்லை (பின்னூட்டத்தில் யாராவது கேட்பார்கள், அதற்காக முன்கூட்டியே). அட்டைப்பெட்டிகளை அச்சடித்து, வெட்டி, ஒட்டிக் கொடுக்கும் தொழில். அப்பா ஆரம்பித்தது. இரண்டு முறை ஆலோசகர் வைத்தேன். ஒரு முறை பணம் போனது, ஒரு முறை மானம் போனது. இரண்டாவதுதான் பலன் தந்தது.

முதல் முறை பேச வந்தவர் நரைத்த தலை, நிதானமான பேச்சு, இருபது வருட அனுபவம். ஒப்பந்தம் முடிந்த மறுவாரம் வேலைக்கு வந்ததோ படிப்பு முடித்து ஆறு மாதம்கூட ஆகாத இரண்டு பிள்ளைகள். ஆளுக்கொரு படிவம் கொடுத்தார்கள். "உங்கள் பிரிவில் தகவல் பரிமாற்றம் எப்படி இருக்கிறது? ஒன்றிலிருந்து ஐந்துக்குள் மதிப்பெண் இடவும்." எல்லோரும் நாலு போட்டார்கள். போடாமல் என்ன செய்வார்கள், நான் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேனே! ஒரு மாதம் கழித்து வண்ண வண்ணக் கட்டங்களோடு அறிக்கை வந்தது. உச்சியில் இருந்த பெரிய கட்டத்தில் என் பெயர். பெட்டி செய்கிறவனிடமே பெட்டி வரைந்து காசு வாங்கிக்கொண்டு போனார்கள்.

அதில் என் தப்பும் உண்டு. என்ன கோளாறு என்றே எனக்குத் தெரியவில்லை. "கம்பெனியைச் சரிபண்ணிக் கொடுங்கள்" என்று மொட்டையாகச் சொன்னேன். எட்கர் ஷைன் என்ற அமெரிக்கப் பேராசிரியர் ஆலோசனை வேலையை மூன்றாகப் பிரித்திருக்கிறார். தெரிந்த ஒரு வேலையை நிபுணரிடம் விலைக்கு வாங்குவது ஒன்று. வைத்தியரிடம் போவதுபோல் "என்ன நோய் என்று நீங்களே பாருங்கள்" என்று ஒப்படைப்பது இன்னொன்று. கூடவே உட்கார்ந்து, நம் கோளாறை நாமே கண்டுபிடிக்க அவர் உதவுவது மூன்றாவது. முதல் வகைக்கு நமக்கு என்ன வேண்டும் என்பது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். இரண்டாவதில் நோயாளி உண்மையைச் சொல்ல வேண்டும். நான் தெரியாமலும் இருந்தேன், உண்மையையும் சொல்லவில்லை.

மூன்று வருடம் கழித்து, ஒரு பெரிய வாடிக்கையாளர் விலகிப்போன பிறகு, இரண்டாவது ஆலோசகர். தனியாக வேலை பார்க்கும் ஒரு அம்மா. படிவம் எதுவும் கொண்டுவரவில்லை. முதல் வாரம் முழுக்க ஒட்டுகிற மேசைக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து பேச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தார். இதற்கா காசு என்று எனக்கு எரிச்சல். பிறகுதான் தெரிந்தது, இது நூறு வருடப் பழைய பாடம். அமெரிக்காவில் தொலைபேசிக் கருவிகள் செய்த வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனத்தின் ஹாத்தார்ன் ஆலையில் 1924 முதல் 1932 வரை நடந்த ஆய்வுகளில் 20,000-க்கும் மேற்பட்ட தொழிலாளர்களிடம் பேட்டி எடுத்தார்கள். தயார் செய்த கேள்விகளைக் கேட்டால் சரியான விஷயம் வெளியே வருவதில்லை என்று கண்டு, அவர்கள் போக்கில் பேசவிட்டுக் கேட்கும் முறைக்கு நடுவிலேயே மாறினார்கள்.

இரண்டாம் வாரம் என் அறைக்கு ஒரே ஒரு ஜாப் கார்டோடு (ஒவ்வொரு ஆர்டரோடும் கூடவே போகும் விவரச் சீட்டு) வந்தார். முடிந்துபோன ஒரு ஆர்டர். உள்ளே வந்து வெளியே போக பதினொரு நாள் ஆகியிருந்தது. ஒவ்வொரு இயந்திரத்திலும் ஓடிய நேரத்தைக் கூட்டி ஓரத்தில் எழுதியிருந்தார்: ஒன்பது மணி நேரம்.

"செவ்வாய்க்கிழமையிலிருந்து வெள்ளி வரைக்கும் இந்தக் கார்டு எங்கே சார் இருந்தது?"

பதில் எனக்குத் தெரியும். என் மேசையில்தான். எந்த அட்டை போடுவது என்று நான் கையெழுத்துப் போட வேண்டும், நான் வெளியூரில் இருந்தேன். அடுத்த இரண்டு நாள்? அச்சுப் பிளேட் வந்துவிட்டது, ஆனால் தம்பி ஒரு ஆர்டரை முதலில் ஓட்டச் சொல்ல, நான் ஃபோனில் வேறொன்றைச் சொல்ல, அப்பா மாலையில் வந்து மூன்றாவதாக ஒன்றை ஏற்றச் சொல்லியிருக்கிறார். ஒருவருக்கு ஒரே மேலாள்தான் கட்டளையிட வேண்டும் என்று ஹென்றி ஃபயோல் என்ற பிரெஞ்சு நிர்வாகி 1916-இலேயே எழுதி வைத்தார். எங்கள் அச்சு இயந்திரத்துக்கு மூன்று முதலாளிகள்.

அறிக்கை என்று பார்த்தால் நாலே பக்கம். மறு ஆர்டர்களுக்கு என் கையெழுத்து தேவையில்லை. அன்றைய வரிசையைக் காலையில் ஒருவர்தான் பலகையில் எழுதுவார், மற்றவர்கள் அதைத் தொடக் கூடாது, அப்பா உட்பட. இப்படி ஏழு பரிந்துரைகள். ஆறு மாதத்தில் தாமதம் பாதியாகக் குறைந்தது. பாதிதான், முழுக்க இல்லை.

மானம் போனது எங்கே என்றால், இதை டை கட்டிங் (அட்டை வெட்டும் பிரிவு) ஃபோர்மேனிடம் நான் பெருமையாக விளக்கியபோது. அவர் கையைத் துடைத்துக்கொண்டே, "இதைத்தானே சார் நாலு வருஷமா நானும் சொல்லிக்கிட்டிருக்கேன்" என்றார். உண்மைதான். அவர் சொல்லும்போதெல்லாம் புலம்புகிறார் என்று நினைத்தேன். அதே வார்த்தைகள் கட்டணம் வாங்கிய ஒருவர் வழியாக வந்ததும் காதில் ஏறியது. "அப்படியானால் ஃபோர்மேனிடமே கேட்டிருக்கலாமே, ஆலோசகர் எதற்கு" என்று சிலர் வருவீர்கள். கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. நீங்கள் கேட்கிற ரகம் என்றால் உங்களுக்கு ஆலோசகர் தேவையில்லை, நிஜமாகவே. தவிர, "உங்க அப்பாவைப் பலகைப் பக்கம் விடாதீங்க" என்று சம்பளம் வாங்குகிறவர் எந்த நிறுவனத்தில் சொல்வார்?

தாமதத்தில் மீதிப் பாதி யாரால் என்று சொல்லாவிட்டால் எனக்கு ஆறாது. வாடிக்கையாளர்களால். ப்ரூஃபை, அதாவது மாதிரி அச்சைப் பார்த்து, கையெழுத்துப் போட்டு, நாங்கள் அச்சடித்து முடித்த பிறகு "என் செல்ஃபோனில் இந்தச் சிவப்பு வேற மாதிரி தெரியுதே" என்பார்கள். திரை ஒளியால் காட்டுகிற நிறமும் மை காகிதத்தில் காட்டுகிற நிறமும் ஒன்றாகவே இருக்காது என்று எத்தனை தடவை சொல்வது? மறு அச்சுக்குக் காசும் தர மாட்டார்கள். இதற்கு எந்த ஆலோசகரிடமும் மருந்து இல்லை. சரி, விட்டுவிடுகிறேன்.

நீங்கள் வைப்பதாக இருந்தால், பேச வருகிறவரே வேலைக்கும் வருவாரா என்பதை எழுத்தில் வாங்குங்கள். மிச்சப்படுத்துவதில் பங்கு என்ற முறையில் கட்டணம் பேசினால் யோசியுங்கள், மிச்சம் காட்டச் சுலபமான வழி ஆட்குறைப்பு. யார் என்ன சொன்னார்கள் என்பது உங்களுக்கே தெரியக் கூடாது, அதற்கு ஒப்புக்கொள்ளுங்கள். எத்தனை ஆர்டர் தாமதம் என்பதை அவர் வருவதற்கு முன்பே எண்ணி வையுங்கள், இல்லாவிட்டால் பலன் இருந்ததா என்று பிற்பாடு சண்டைதான் வரும்.

அறிக்கையைக் கொடுத்துவிட்டு அவர் போய்விடுவார், செய்ய வேண்டியது நீங்கள். 1926-இல் மெக்கின்சி என்ற ஆலோசனை நிறுவனத்தை அமெரிக்காவில் தொடங்கிய ஜேம்ஸ் மெக்கின்சி, 1935-இல் தன் வாடிக்கையாளரான மார்ஷல் ஃபீல்டு என்ற பெரிய கடை நிறுவனத்துக்கே தலைவராகப் போனார், தன் பரிந்துரைகளைத் தானே நிறைவேற்ற. அப்படிப் பொறுப்பேற்கிற ஆலோசகர் நமக்கெல்லாம் கிடைக்க மாட்டார்.

எங்கள் ஏழு பரிந்துரைகளில் ஆறைச் செய்துவிட்டோம். ஏழாவது என் தம்பியைப் பற்றியது. அந்தப் பக்கத்தை மட்டும் மடித்து இழுப்பறையில் வைத்திருக்கிறேன். அவனும் இந்தத் தளத்தில் இருக்கிறான் என்பதால் இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்.