இரத்த பிஎச் 7.40-க்குப் பதில் 5.88 வருகிறதா?

பைகார்பனேட் 24, கார்பன் டை ஆக்சைடு அழுத்தம் 40 என்று வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறீர்கள். அந்த 40-ஐ அப்படியே கீழே போட்டுவிட்டீர்கள், அதுதான் பிழை. ஹெண்டர்சன்–ஹாசல்பால்க் சமன்பாடு இது: பிஎச் = பிகேஏ + லாக் (பைகார்பனேட் ÷ கரைந்த கார்பன் டை ஆக்சைடு). பிகேஏ என்பது அமிலத்தின் வலிமையைக் காட்டும் எண், இங்கே 6.1. இதில் பைகார்பனேட் 24-க்குக் கீழே வர வேண்டியது, கரைந்திருக்கும் கார்பன் டை ஆக்சைடின் அளவு. உங்களிடம் இருப்பது அதன் அழுத்தம், மிமீ பாதரசத்தில். 0.03-ஆல் பெருக்குங்கள்: 40 × 0.03 = 1.2 மில்லிமோல்/லிட்டர். 24 ÷ 1.2 = 20, லாக் 20 = 1.30, ஆக 6.1 + 1.30 = 7.40.

இயல்பான இரத்தத்துக்கு இந்த விகிதம் 20-ஐ ஒட்டி வராவிட்டால் முதலில் அலகைப் பாருங்கள். கிலோபாஸ்கல் என்றால் 0.225-ஆல் பெருக்க வேண்டும்.

பிகேஏ 6.1 உள்ள தாங்கல் (பிஎச் அதிகம் மாறாமல் காக்கும் கலவை) அதிலிருந்து தள்ளியிருக்கும் 7.4-இல் எப்படித் தாக்குப்பிடிக்கிறது என்றும் கேட்டிருக்கிறீர்கள். அருமையான கேள்வி, நுரையீரல்தான் விடை. லிட்டருக்கு 5 மில்லிமோல் வலிய அமிலம் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். பைகார்பனேட்டில் 5 கார்பன் டை ஆக்சைடாக மாறி, மீதி 19 ஆகிவிடும். மூடிய குடுவையில் வாயுவுக்கு வெளியேற வழியில்லை, கரைந்த அளவு 6.2-க்கு ஏறும், பிஎச் 6.59-க்குச் சரியும். மூச்சு அதை வெளியேற்றி 1.2-லேயே நிறுத்தினால் பிஎச் 7.30. அமிலம் அதேதான்!

ஹீமோகுளோபின் போன்ற மற்ற தாங்கல்களை இதில் சேர்க்கவில்லை. தவிர, 6.1-உம் 0.03-உம் 37 டிகிரி செல்சியஸில் பிளாஸ்மாவுக்கானவை. ஆய்வகக் கரைசல்களுக்கு எடுக்காதீர்கள்.