கேட்டும் சாவியும்

அன்புள்ள ஐயா,

2020 ஊரடங்கின்போது என் அப்பாவுக்கு 76 வயது. சர்க்கரை உண்டு. தினமும் விடியற்காலையில் டீக்கடைக்குப் போய் பேப்பர் படித்துவிட்டு வருபவர். பயத்தில் கேட்டைப் பூட்டி சாவியை நானே வைத்துக்கொண்டேன். இரண்டு முறை சண்டை போட்டார், அப்புறம் பேச்சே குறைந்துவிட்டது. இப்போது கேட் திறந்துதான் கிடக்கிறது. அவர் வாசலைத் தாண்டுவதில்லை. நான் செய்தது தப்பா?

ம., திருச்சி

அன்புள்ள ம.,

பூட்டியதைத் தப்பு என்று சொல்ல மாட்டேன். அன்றைக்குத் தடுப்பூசி கிடையாது. 60 வயது கடந்தவர்களுக்கு அது போட ஆரம்பித்ததே 2021 மார்ச் 1-ஆம் தேதிதான். ஆனால் சாவி யார் கையில் இருந்தது என்பதுதான் அவரைக் குத்தியிருக்கும். வீட்டைவிட்டு வெளியே வரக் கூடாதவர்கள் என்று மத்திய அரசின் 2020 மே மாத உத்தரவு 65 வயதுக்கு மேற்பட்டவர்களையும் 10 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளையும் ஒரே வரியில் சொன்னது. உத்தரவில் நியாயம் இருந்தது. நாம்தான் வீட்டுக்குள் அப்பாக்களைப் பிள்ளைகளாகவே நடத்திவிட்டோம்.

நானும் செய்தேன். அந்த ஜூலையில் ஊரில் பெரியம்மா இறந்துபோனாள். சாவுக்கு 20 பேர்தான் என்று கட்டுப்பாடு. இ-பாஸ் எடுத்து நான் மட்டும் போனேன். வரத் துடித்த அம்மாவை, வயதைச் சொல்லி விட்டுவிட்டுப் போனேன். அங்கிருந்து போனில் முகத்தைக் காட்டினேன். கூடப் பிறந்தவளைத் திரையில் பார்த்தபடி அம்மா அழாமல் உட்கார்ந்திருந்தாள். கட்டிக்கொண்டு அழ ஆள் வேண்டுமே, தனியாக எப்படி அழுவாள்? அப்புறம் மாதக்கணக்கில் தூக்கமில்லை, பசியில்லை, முட்டி வலிக்கிறது என்றுதான் சொன்னாள். மனசு சரியில்லை என்று ஒருநாளும் சொல்லவில்லை. நாங்கள் முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தோம். "சாவுக்கு எனக்கென்னடா பயம், அவ முகத்தைப் பார்க்க விடலையே" என்று தீபாவளி சமயத்தில்தான் வாய்விட்டு அழுதாள்.

அதனால் அப்பாவை முதலில் ஒரு டாக்டரிடம் காட்டுங்கள். வயதானவர்களின் மனச்சோர்வை வயசாகிவிட்டது என்று தள்ளிவிடுகிறோம். அது சிகிச்சைக்குக் கட்டுப்படக்கூடியது. காலையும் பார்க்கச் சொல்லுங்கள். நெடுநாள் நடக்காத கால் தளர்ந்துவிடும். விழுந்துவிடுவோமோ என்ற பயத்தை மகனிடம் சொல்ல அவருக்குக் கூச்சமாக இருக்கலாம்.

டீக்கடைக்குப் போங்கள் என்று மட்டும் சொல்லாதீர்கள், அதுவும் அவருக்கு இன்னொரு உத்தரவாகத்தான் கேட்கும். அந்த பெஞ்சில் அவரோடு உட்கார்ந்தவர்களில் இப்போது யார் யார் இருக்கிறார்கள்? உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம், அவருக்குத் தெரியும். ஒருநாள் சாயங்காலம் பக்கத்தில் உட்கார்ந்து அவர்களைப் பற்றிக் கேளுங்கள். பூட்டிய பேச்சையும் நீங்களே எடுங்கள். "பயந்துட்டேன்ப்பா" என்று சொன்னால் போதும். திட்டினாலும் திட்டட்டும், கேட்டுக்கொள்ளுங்கள்.